போட்டிக்கு இடமில்லாத வெப்பம்: பின்லாந்துச் சவுனாவின் கதை

2010 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7 ஆம் திகதி, பின்லாந்தின் தென்பகுதியிலுள்ள ஹெய்னோலா என்ற சிறுநகரில் ஒரு விசித்திரமான போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. உலக சவுனா சாம்பியன் போட்டி என்று அழைக்கப்பட்ட அது, 1999 ஆம் ஆண்டு முதல் அங்கு நடத்தப்பட்டு வந்தது. 110 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட அறையில் போட்டியாளர்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொரு 30 விநாடிக்கும் ஒருமுறை அரை லீற்றர் தண்ணீர் சூடான கற்கள்மீது விழும். கடைசிவரை தாக்குப்பிடித்து, பிறர் உதவியின்றி எழுந்து வெளியே நடந்து வருபவரே வெற்றியாளர்.

அன்று இறுதியாக எஞ்சியிருந்தவர்கள் இருவர். ஒருவர், பலமுறை பட்டம் வென்ற பின்லாந்துக்காரரான திமோ கௌக்கோனன். மற்றவர் ரஷ்யாவைச் சேர்ந்த விளாடிமிர் லதிஷென்ஸ்கி. ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் இருவரும் நிலைகுலைந்தனர். கடுமையான எரிகாயங்களுடன் வெளியே இழுத்து வரப்பட்டனர். லதிஷென்ஸ்கி உயிரிழந்தார். கௌக்கோனன் நீண்டகாலச் சிகிச்சையின் பின்னரே மீண்டார். அந்தப் போட்டி அதன்பின் நடத்தப்படவேயில்லை.

சுமார் 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் ஏறக்குறைய 30 இலட்சம் சவுனாக்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. சிறுவர் முதல் முதியவர் வரை அந்நாட்டு மக்கள் வாரந்தோறும் அந்த வெப்ப அறைக்குள் சென்று, களைப்பு நீங்கி, முகமலர்ச்சியோடு வெளியே வருகின்றனர். பல தலைமுறைகளை வாழவைத்த ஒரு வழக்கம் ஹெய்னோலாவில் ஏன் உயிரைப் பறித்தது? இக்கேள்விக்கான விடையை வெப்பமானியில் மாத்திரம் தேடினால் போதாது. சவுனாவின் வரலாற்றிலும் தேட வேண்டும்.

ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் வாழும் நம்மவர்களுக்கும் இந்த வரலாறு பயனற்றதன்று. நீச்சல் தடாகங்களிலும் உடற்பயிற்சி நிலையங்களிலும் தொடர்மாடிக் குடியிருப்புகளிலும் அவர்கள் சவுனாவைக் காண்கின்றனர். சிலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். வேறு சிலர், எவ்வளவு நேரம் தாங்க முடிகின்றது என்று தம்மைத் தாமே பரீட்சித்துப் பார்க்கின்றனர். இந்த இரண்டாவது வகையினரே கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவர்கள்.

புகைக் குடிலிலிருந்து

சவுனா என்பது பின்லாந்து மக்களின் பின்னிஷ் மொழிச் சொல். ஆங்கிலம் பேசுவோர் சிலர் அதனைச் 'சோனா' என்பர். இன்று நாம் காணும் பளபளப்பான மரஅறைக்கும் மின்சார அடுப்புக்கும் முன்னோடியாக இருந்தது 'சவுசவுனா' எனப்படும் புகைச் சவுனா ஆகும். மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய சிறு குடில் அது. புகைபோக்கி கிடையாது. ஒரு மூலையில் கற்களைக் குவித்து, அவற்றின் கீழ் பல மணி நேரம் விறகு எரிப்பார்கள். புகை குடில் முழுவதும் நிறைந்து, கதவாலும் சுவரிலுள்ள சிறு துவாரத்தாலும் வெளியேறும். கற்கள் போதியளவு சூடேறியதும் நெருப்பை அணையவிட்டு, தணலையும் சாம்பலையும் அகற்றி, வாங்குகளில் படிந்த கரியைக் கழுவி, குடிலைச் சற்று நேரம் ஆறவிடுவார்கள். அதன் பின்னரே குளிப்பு. ஒருமுறை சூடேற்றினால், குடும்பம் முழுவதும் முறைவைத்துக் குளிக்கும்வரை அந்தக் கற்கள் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கும்.

அணையும் தணலிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது மனிதனை உறக்கத்திலேயே கொல்லவல்லது. இரசாயனவியல் நூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே பின்லாந்து விவசாயிகள் இந்த ஆபத்தை அறிந்திருந்தனர். சூடேறிய கற்கள்மீது ஊற்றும் முதல் தண்ணீர் குளிப்போருக்கானதன்று. அந்த ஆவி நச்சுக்காற்றை வெளியே தள்ளுவதற்கானது. அது வெளியேறி, காற்றுத் தெளிந்த பின்பே மனிதர் உள்ளே செல்லலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. அவசரப்பட்டவர்களுக்கு நேர்ந்ததைக் கண்டே இவ்விதி பிறந்திருக்க வேண்டும்.

அவ்வாறே, சவுனாக் குடிலை வீட்டோடு ஒட்டிக் கட்டாமல், சற்றுத் தள்ளி, ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கட்டினார்கள். குளிப்பதற்கு நீர் அருகில் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கரி படிந்த மரக்குடில் எளிதில் தீப்பற்றும் என்பது மற்றைய காரணம்.

கற்கள்மீது தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவியைப் பின்னிஷ் மொழியில் 'லொய்லு' என்பர். இச்சொல்லின் பழைய பொருள் உயிர்மூச்சு என்பதாகும். பின்னிஷ் மொழிக்குத் தூரத்து உறவான ஹங்கேரிய மொழியில், இதே வேரிலிருந்து பிறந்த 'லேலெக்' என்ற சொல் இன்றும் ஆன்மாவைக் குறிக்கின்றது. வெறும் நீராவிக்கு உயிரின் பெயரைச் சூட்டிய மக்கள், அதனை எத்தகைய மரியாதையுடன் அணுகியிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பிறப்பும் இறப்பும்

கிராமத்து வாழ்வில் சவுனா குளியலறை மாத்திரமன்று. தானியம் முளைகட்டி உலர்த்தியதும், சணல் உலர்த்தியதும், இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்தியதும் அங்கேதான். இரத்தம் குத்தி எடுக்கும் நாட்டு வைத்தியமும் அங்கேயே நடைபெற்றது. பெண்கள் குழந்தை பெற்றதும் அங்கேதான். வெந்நீர் எந்நேரமும் கிடைக்கும், குளிரற்ற, ஆளரவமற்ற, வீட்டில் இருந்தவற்றுள் மிகத் தூய்மையான இடம் அதுவாகவே இருந்தது. இறந்தவர்களின் உடலைக் கழுவியதும் அதே குடிலில். ஒரு மனிதனின் முதற் குளிப்பும் கடைசிக் குளிப்பும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன.

ஆகவே அவ்விடத்திற்கென ஓர் ஒழுக்கம் உருவாயிற்று. தேவாலயத்தில் நடந்துகொள்வதைப் போலவே சவுனாவிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது பின்லாந்துப் பழமொழி. சண்டை, கூச்சல், கெட்ட வார்த்தை ஆகியவை அங்கு விலக்கப்பட்டவை. சவுனாவைக் காக்கும் 'தொன்து' என்னும் குறுந்தெய்வம் ஒன்று உண்டு என்றும், கடைசி ஆவியை அதற்கென விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்றும் முதியவர்கள் சொல்லி வந்தனர். நம்பிக்கை எதுவாயினும், அதன் நடைமுறைப் பயன் தெளிவானது. வெப்பம் முழுவதும் உனக்கானதன்று, போதும் என்ற இடத்தில் எழுந்துவிடு என்பதே அது.

பின்னிஷ் மொழியில் சனிக்கிழமைக்குரிய 'லவன்தாய்' என்ற பெயரே பழைய ஸ்கண்டிநேவிய மொழியில் 'குளிக்கும் நாள்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாகும். வாரம் முழுவதும் வயலிலும் காட்டிலும் உழைத்த உடல்கள், அன்று மாலை புகைக் குடிலில் இளைப்பாறின. அக்குளிப்பில் அவசரத்துக்கு இடமிருக்கவில்லை.

மத்திய காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் பொது வெப்பக் குளியல்கள் இருந்தன. தொற்றுநோய் அச்சம், விறகுத் தட்டுப்பாடு, சமயவாதிகளின் கண்டனம் ஆகியவற்றால் 16 ஆம் நூற்றாண்டின் பின்னர் அவை பெரும்பாலும் மறைந்தன. காடு நிறைந்த, மக்கள் சிதறி வாழ்ந்த பின்லாந்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. அங்கு குளியல் நகரத்துச் சந்தைக்குரியதாக இருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் முற்றத்திலும் இருந்தது. அதனால் அது பிழைத்தது.

போரும் அரசியலும்

1939 நவம்பர் 30 ஆம் திகதி சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கின. அப்போரிலும் அதனைத் தொடர்ந்த போரிலும் பின்லாந்துப் படையினர் முன்னரங்குகளுக்கு அருகிலேயே சவுனாக்களைக் கட்டினர். பேன் தொல்லையிலிருந்தும் உறைபனியிலிருந்தும் படையினரைக் காத்தவை அவையே. போரின் முடிவில் கரேலியாப் பிரதேசம் சோவியத் ஒன்றியத்தின் வசமாயிற்று. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தமது நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினர். புதிய இடங்களில் குடியேற்றப்பட்டவர்களுள் பலர் முதலில் கட்டியது வீட்டையன்று, சவுனாவையே. வீடு எழும்பும்வரை அந்தச் சிறு குடிலிலேயே சமைத்து, உறங்கி, குழந்தைகளை வளர்த்தனர். இடம்பெயர்ந்த மனிதருக்கு ஒரு கூரையும் ஒரு அடுப்பும் எதனைக் குறிக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்நாட்டை 1956 முதல் 1982 வரை ஜனாதிபதியாக ஆண்ட ஊர்ஹோ கெக்கோனன், 1900 ஆம் ஆண்டு பியலவெசி என்ற ஊரிலுள்ள ஒரு புகைச் சவுனாவில் பிறந்தவர். 1960 செப்டெம்பரில் அவரது 60 ஆவது பிறந்தநாளுக்குச் சோவியத் தலைவர் நிகிட்டா குருஷ்சேவ் ஹெல்சிங்கிக்கு வந்தார். தமினியெமி மாளிகையிலுள்ள சவுனாவில் இருவரும் விடியற்காலை வரை உரையாடிக்கொண்டிருந்தனர். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் சுதந்திர வர்த்தக அமைப்புடன் பின்லாந்து இணைந்து செயற்படுவதை ஏற்கச் சோவியத் தரப்பு அவ்வேளையில் இணங்கியது. அதற்கான உடன்படிக்கை 1961 மார்ச் மாதத்தில் கைச்சாத்தாகியது. அந்த இணக்கம் முழுவதும் சவுனாவின் வெப்பத்தில் விளைந்ததென்று கூறுவது மிகையாகும். இராஜதந்திரக் கணக்குகள் பல அதன் பின்னால் இருந்தன. ஆயினும், பதவிச் சின்னங்கள் எதுவுமின்றி இருவர் அருகருகே அமர்ந்து பேசும் இடத்தில் குரலை உயர்த்துவது கடினம் என்பதைக் கெக்கோனன் நன்கறிந்திருந்தார்.

மின்சாரம் கொண்டுவந்த மாற்றம்

புகைபோக்கி வந்தது. பின்னர் இரும்பு அடுப்பு வந்தது. நகரங்களில் தொழிலாளருக்கான பொதுச் சவுனாக்கள் தோன்றின. தம்பெரே நகரின் பிஸ்பலாப் பகுதியில் 1906 இல் திறக்கப்பட்ட ராயபோர்த்தி சவுனாவும், ஹெல்சிங்கியில் 1928 இல் திறக்கப்பட்ட கொத்திஹர்யு சவுனாவும் அக்காலத்தின் எஞ்சிய சாட்சிகள். 1937 இல் பின்லாந்துச் சவுனாச் சங்கம் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்சார அடுப்பு பரவியதும், சவுனா தொடர்மாடிக் குடியிருப்புகளுக்குள்ளும் உலகின் உல்லாச விடுதிகளுக்குள்ளும் குடிபுகுந்தது.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, நாள் முழுவதும் காத்திருந்த காலம் போயிற்று. காத்திருப்போடு சேர்ந்து பொறுமையும், மூத்தவர் அருகிலிருந்து சொல்லித்தரும் முறையும் பல இடங்களில் போய்விட்டன. அறையும் வெப்பமும் ஏற்றுமதியாயின, ஒழுக்கம் ஏற்றுமதியாகவில்லை. ஹெய்னோலா நிகழ்வு பின்லாந்திலேயே நடந்தது என்பதுதான் இதில் வேதனையானது. தேவாலயம் போன்ற இடத்தை அவர்களே விளையாட்டு அரங்காக்கினர். வெளியேறுவது தோல்வி என்ற விதியை அங்கு நுழைத்தனர். சவுனாவின் நெடிய வரலாற்றில் வெளியேறுவது எவருக்கும் இழுக்காக இருந்ததில்லை.

உடலில் நிகழ்வது

சவுனாவின் காற்று வழக்கமாக 70 முதல் 100 பாகை வரை சூடானது. அத்தகைய வெந்நீரில் கை வைத்தால் வெந்துவிடும். காற்றில் மட்டும் எவ்வாறு அமர்ந்திருக்க முடிகின்றது? உலர்ந்த காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்துகின்றது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கின்றது. கற்கள்மீது தண்ணீர் ஊற்றியதும் நிலைமை மாறுகின்றது. ஆவி தோலில் படிந்து நீராகும்போது தன்னிடமுள்ள வெப்பம் அனைத்தையும் உடலுக்குக் கொடுத்துவிடுகின்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வையும் உலராது. அளவான ஒரு கரண்டித் தண்ணீர் இன்பமான சிலிர்ப்பைத் தரும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அரை லீற்றர் என்பது உடலின் காவற்கதவுகள் அனைத்தையும் உடைத்துவிடும். ஹெய்னோலாவில் நடந்தது அதுதான்.

சாதாரணக் குளிப்பில் இதயத்துடிப்பு வேகமான நடையின்போது போல உயர்கின்றது. தோலுக்குச் செல்லும் இரத்தம் அதிகரிக்கின்றது. ஏறக்குறைய அரை லீற்றர் வியர்வை வெளியேறுகின்றது. கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் அவதானித்த ஆய்வொன்றை யாரி லௌக்கனன் தலைமையிலான குழுவினர் 2015 இல் வெளியிட்டனர். வாரத்தில் நான்கு முதல் ஏழு தடவை சவுனாவுக்குச் சென்றவர்களிடையே, வாரம் ஒருமுறை சென்றவர்களைவிடத் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இது அவதானிப்பு ஆய்வு மாத்திரமே. சவுனாவே அவர்களைக் காத்தது என்பதற்கு இது நிரூபணமாகாது. நோயுற்றவர்கள் இயல்பாகவே குறைவாகச் சென்றிருக்கக்கூடும். ஆயினும், முறையாகக் குளிப்போருக்கு அது தீங்கானது என்பதற்கான அறிகுறி இவ்வாய்வில் தென்படவில்லை.

மறுபுறத்தில், பின்லாந்தில் 1990களில் சவுனாவில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த தடயவியல் மருத்துவர்கள், இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மது அருந்தியிருந்ததைக் கண்டனர். மது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, இதயத்தின் இலயத்தைக் குழப்பி, ஆபத்தை உணரும் அறிவையும் மழுங்கடிக்கின்றது. போதையில் உறங்கிவிட்டவரை எழுப்ப அருகில் ஆளில்லாவிட்டால் முடிவு எளிதில் ஊகிக்கத்தக்கது.

செல்வோர் மனங்கொள்ள வேண்டியவை

இந்த வரலாற்றை அறிந்தவருக்கு விதிகளைத் தனியே மனனம் செய்யத் தேவையில்லை. முதலில் உடலைக் கழுவிக்கொள்ள வேண்டும். நகைகளையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும், உலோகம் சூடேறித் தோலைச் சுடும். வாங்கில் தமக்கெனத் துவாயொன்றை விரித்து அமர வேண்டும். வெப்பம் மேலே செல்வதால், புதியவர்கள் கீழ்வாங்கிலிருந்து தொடங்குவதே நன்று. ஐந்து முதல் பத்து நிமிடம் போதுமானது. பழகியவர்களும் ஒரே தடவையில் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் இருப்பது அரிது. வெளியே வந்து, உடல் ஆறி, தண்ணீர் அருந்தி, விரும்பினால் மீண்டும் உள்ளே செல்லலாம். இன்பம் வெப்பத்தில் பாதி என்றால், ஆறுதலில் மறுபாதி இருக்கின்றது.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அருகிலிருப்பவரைக் கேட்பது மரியாதை. எழும்போது மெதுவாக எழ வேண்டும். விரைந்தெழுந்தால் தலைசுற்றி, சூடான அடுப்பின்மீதே விழ நேரலாம். தலைச்சுற்று, குமட்டல், படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அக்கணமே வெளியேற வேண்டும். பனிநீரில் பாய்வது பழகியவர்களுக்குரியது. திடீர்க் குளிர் இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும். மதுவும் வயிறுநிறைந்த உணவும் முன்னதாக வேண்டாம். சிறுவர்களைத் தனியே விடலாகாது. அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானவர்கள், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் ஆகியோர் இதனைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் உள்ளவர்களும் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணிகளும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்போரும் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே செல்ல வேண்டும். வீட்டுச் சவுனாவில் அடுப்புக்கு மேலே துணி உலர்த்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

உடை பற்றிய தயக்கம் நம்மவர்களுக்கு இயல்பானது. பின்லாந்தில் ஆண்களும் பெண்களும் பொதுவாகத் தனித்தனியாகவே ஆடையின்றிக் குளிக்கின்றனர். ஜேர்மனியில் இருபாலாரும் சேர்ந்து செல்லும் வழக்கம் பரவலாக உண்டு. நீச்சலுடை அணியும் இடங்களும் பல உள்ளன. செல்லுமுன் அவ்விடத்து வழக்கத்தை விசாரித்து அறிவதே சங்கடத்தைத் தவிர்க்கும் வழி.

2020 டிசெம்பரில் யுனெஸ்கோ, பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவ மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுப்புக்கோ கட்டடத்துக்கோ அந்தக் கௌரவம் வழங்கப்படவில்லை. வெப்பத்தின் நடுவே மனிதர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் முறைக்கே வழங்கப்பட்டது. ஹெய்னோலாவின் அந்த அறையில் அடுப்பும் கற்களும் நீரும் எல்லாம் சரியாகவே இருந்தன. 'போதும், வெளியே வா' என்று சொல்லவேண்டிய மூத்தவர் ஒருவர் மாத்திரமே அங்கு இருக்கவில்லை.